கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேச: மேடையில் குரலும் உடலும்

திருகோணமலையில் மேடைக்குப் பஞ்சமில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழா, தமிழ்மொழித்தினப் போட்டி, கோயில் திருவிழாச் சொற்பொழிவு, நகர மண்டபத்தில் நூல் வெளியீடு, கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம், மாதர் சங்க ஆண்டு விழா என்று வருடம் முழுக்க யாராவது எங்காவது மைக்கின் முன் நிற்கிறார்கள். சொல்வதற்கு நல்ல விஷயம் வைத்திருப்பவர்களும் நிறையப் பேர். ஆனால் ஏதாவது ஒரு கூட்டத்தில் கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்து கேட்டுப் பாருங்கள். வாக்கியம் முழக்கமாகத் தொடங்குகிறது, நடுவில் இறங்குகிறது, முடியும் இடத்தில் காணாமல் போகிறது.

தமிழில் பேசுபவருக்கு இது பெரிய சேதம். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. "இந்தத் திட்டத்தால் கரையோரக் குடும்பங்களுக்குப் பாதிப்பு வரும் என்று நாங்கள் நினைக்க..." என்பது வரைக்கும் கேட்டவருக்கு எதுவும் தெரியாது. அடுத்து வருவது "கிறோம்" என்பதா, "வில்லை" என்பதா? ஆம், இல்லை, நடந்தது, நடக்கப் போவது எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கின்றன. பேச்சாளரின் மூச்சு தீர்ந்துபோவதும் சரியாக அங்கேதான். ஆகவே இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கடைசி வரிசை வரைக்கும் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

தொடங்கும் முன் ஒரு கணக்கை ஒதுக்கி வைப்போம். பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒருவருடைய விருப்பு வெறுப்பு பற்றி, அவர் சொல்லும் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நாம் எதை நம்புகிறோம் என்பதைத்தான் அவை பார்த்தன. எல்லாப் பேச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். விஷயம் இல்லாத பேச்சைக் குரலாலும் கையாலும் காப்பாற்ற முடியாது. விஷயம் இருக்கிற பேச்சைக் கேட்பவரிடம் சேர்க்கத்தான் இரண்டும் உதவும்.

1. காலில் தொடங்குங்கள்

இரண்டு பாதங்களையும் தோள் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்து, உடல் பாரம் இரண்டிலும் சமமாக இறங்கும்படி நில்லுங்கள். முழங்காலை விறைக்க வேண்டாம். விறைத்தபடி நெடுநேரம் நின்றால் காலில் இரத்தம் தேங்கித் தலைசுற்றும். விளையாட்டுப் போட்டிகளின் அணிவகுப்பில் பிள்ளைகள் மயங்கி விழுவதற்கு வெயிலோடு இதுவும் ஒரு காரணம். போட்டிக்குப் போகும் பிள்ளைகளைக் குதிகால் இரண்டையும் ஒட்டி நிற்கப் பழக்குகிறார்கள். அப்படி நின்றால் உடம்பு எளிதில் ஆடும். அந்த ஆட்டம் குரலுக்கும் ஏறும்.

அப்புறம் கைகட்டி நிற்பது. பெரியவர் முன்னால் கைகட்டி நிற்பது நம் வளர்ப்பில் மரியாதை, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் மைக் முன்னால் கையைக் கட்டினால் விலா எலும்புகள் விரிய இடமில்லாமல் மூச்சு குறுகிவிடும். வணக்கம் சொல்லும்போது கை கூப்புங்கள், பிறகு இரண்டு கையையும் பக்கத்தில் தளர விடுங்கள். மரியாதை அந்த வணக்கத்தில் வந்துவிட்டது.

சேலையோ வேட்டியோ கட்டிப் பேசப் போகிறவர்கள் அதே உடுப்போடு ஒரு தடவையாவது வீட்டில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். கோயில் வீதியில் பின்னேரம் பேசுவதென்றால் வெறுங்காலில் நிற்பீர்கள், தரை இன்னும் சுடும். காலுக்குக் கீழே ஒரு சாக்கோ பாயோ போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நிற்பவரின் பேச்சை யாரும் கவனிக்கப் போவதில்லை.

2. மூச்சு

குரல் எங்கே பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் ஒலியாகிறது. இன்றைய உடற்கூற்றியலின் விளக்கமும் இதற்கு அருகில்தான் வருகிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கும்போது வயிறு முன்னே வந்து நுரையீரல் நிறைகிறது. வெளியே போகும் காற்று குரல்வளையிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. ஆண்குரலில் சாதாரணமாக ஒரு செக்கனுக்கு நூற்றுச் சொச்சம் தடவையும் பெண்குரலில் ஏறக்குறைய 200 தடவையும் அவை அதிர்கின்றன. காற்று குறைந்தால் தொண்டையை இறுக்கித்தான் சத்தம் எழுப்ப வேண்டி வரும். அதனால்தான் இருபது நிமிடம் பேசிய பலருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

பழகுவது இப்படி. தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு கொப்பியை வையுங்கள். மூச்சை எடுக்கும்போது கொப்பி உயர வேண்டும், தோள் உயரக் கூடாது. அது வந்தபிறகு எழுந்து நின்று அதையே செய்யுங்கள். அடுத்தது, ஒரு மூச்சை எடுத்து "ஸ்ஸ்" என்று ஒரே சீராக விடுங்கள். தொடக்கத்தில் 15 செக்கன் போதும், நாள் போக 25 வரை கொண்டுபோகலாம். முடிவில் சத்தம் தேயாமல் இருக்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எத்தனை செக்கன் என்பது அதற்குப் பிறகுதான்.

எங்கே மூச்செடுப்பது என்பதைப் பேச்சை எழுதும்போதே தீர்மானித்துவிடுங்கள். "என்று", "போது", "ஆனால்", "அதனால்" போன்ற சொற்கள் வரும் இடங்கள் இயல்பான தரிப்பிடங்கள். அங்கே பென்சிலால் ஒரு சாய்கோடு போடுங்கள். வினையும் அதன் செயப்படுபொருளும் நிற்கும் கடைசித் தொடருக்கு முன்னால் கட்டாயம் ஒரு கோடு இருக்கட்டும். ஒரு சின்ன மூச்சு அங்கே கிடைத்தால் கடைசிச் சொல்லுக்குக் காற்று மிச்சமிருக்கும். மூன்று கோடு போட்டும் வாக்கியம் முடியவில்லை என்றால் அதை இரண்டாக வெட்டுங்கள். கண்ணால் வாசிக்க அழகான நீண்ட வாக்கியம் வாயால் சொல்ல உதவாது.

மேடை ஏறும் முன் நெஞ்சு படபடப்பது யாருக்கும் வரும். உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது. எடுக்கும் மூச்சை விட விடும் மூச்சை நீளமாக்கினால் இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். நாலு எண்ணி எடுத்து, ஏழோ எட்டோ எண்ணி விடுங்கள். கதிரையில் இருந்தபடி இரண்டு நிமிடம் செய்தாலே வித்தியாசம் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

3. கடைசிச் சொல்லைக் காப்பாற்றுவது

தமிழில் சாதாரண வாக்கியம் முடியும்போது சுருதி தானாகவே இறங்கும். இறங்கட்டும், அதுதான் "முடிந்தது" என்று கேட்பவருக்குச் சொல்லும் அடையாளம். சுருதி இறங்கும்போது சத்தமும் சேர்ந்து இறங்குவதுதான் பிழை. இரண்டையும் பிரித்துப் பழக வேண்டும்: சுருதி கீழே, சத்தம் அப்படியே.

இதற்குத் திருகோணமலைப் பிள்ளைகளிடம் கைவசமே ஒரு பயிற்சி இருக்கிறது. சம்பந்தரின் தேவாரத்தில் நம்மூர்ப் பதிகம், கடைசிப் பாடலைத் தவிர, பாடலுக்குப் பாடல் "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடிகிறது. வரிகள் நீளமானவை, வினை கடைசியில். பண்ணோடு பாடாமல், பேசுவது போல ஒவ்வொரு பாடலையும் சொல்லிப் பாருங்கள். "அமர்ந்தாரே" என்ற சொல் பத்து அடி தள்ளி நிற்பவருக்கு முழுசாகக் கேட்கிறதா? கேட்கவில்லை என்றால் முந்தின வரியில் மூச்செடுக்கும் இடம் பிழை. வேறு சமயத்தவர்கள் தமக்கு மனப்பாடமான எதையும் எடுத்துக்கொள்ளலாம். அல்லது வீட்டில் ஒருவரைக் கூடத்தின் மறுகோடியில் நிறுத்தி, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

அழுத்தம் கொடுப்பதற்கும் தமிழ் தன் வழியை வைத்திருக்கிறது. "நாங்கள்தான் கேட்டோம்", "நாங்களே கேட்டோம்", "நாங்களும் கேட்டோம்" மூன்றும் மூன்று செய்தி. -தான், -ஏ, -உம் ஆகியவை அழுத்த வேலையில் பாதியைச் செய்துவிடுகின்றன, மேலே கத்தத் தேவையில்லை. அந்தச் சொல்லுக்கு முன் ஒரு நொடி நிறுத்தி, சொல்லைச் சற்று மெதுவாகச் சொன்னால் போதும். உணர்ச்சிக்காக உயிரெழுத்தை இழுப்பதிலும் கவனம் வேண்டும். குறிலை நெடிலாக்கினால் சில இடங்களில் சொல்லே மாறிவிடும், படம் பாடமாகிவிடும்.

உச்சரிப்பு பற்றி ஒன்று. ழ, ள, ல பிரிவது அவசியம். சொல்லின் ஈற்றில் வரும் ம், ன், ல் ஆகியவற்றை விழுங்காமல் இருப்பது அதை விட அவசியம். ஆனால் தமிழகத் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களின் குரலையும் ஏற்ற இறக்கத்தையும் நம் பிள்ளைகள் அப்படியே பிரதி செய்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூதூருக்கு ஒரு பேச்சோசை இருக்கிறது, கிண்ணியாவுக்கு ஒன்று, தம்பலகாமத்துக்கு ஒன்று. எழுத்து வழக்கில் பேசினாலும் அந்த ஓசை உள்ளே இருக்கலாம். இரவல் குரலில் பேசுபவருக்கு ஏற்ற இறக்கம் வரும், ஆனால் அது அவருடைய கருத்தோடு சேர்ந்து வராது.

4. வேகமும் நிறுத்தமும்

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் கணக்கு நமக்கு உதவாது. "போகமுடியாதவர்களுக்கும்" என்பது தமிழில் ஒரே சொல். உங்கள் பேச்சை போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். எழுதியதைப் பார்க்காமல் பிறர் ஒருவரால் பின்தொடர முடிகிறதென்றால் வேகம் சரி.

பேசத் தெரிந்தவரை அடையாளம் காட்டுவது அவர் நிறுத்தும் இடங்கள்தான் என்பது என் முடிவு. ஒரு தொகையைச் சொன்ன பிறகு நிறுத்துங்கள், கேட்பவர் அதை மனதில் வாங்க வேண்டும். ஒருவர் பெயரைச் சொல்வதற்கு முன் நிறுத்துங்கள். கேள்வி ஒன்றைக் கேட்டால் கட்டாயம் நிறுத்துங்கள். பதில் வேண்டாத கேள்வியானாலும் சபை மனதுக்குள் பதில் சொல்ல நேரம் வேண்டும். இரண்டு மூன்று செக்கன் மேடையில் நிற்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும், கீழே இருப்பவருக்கு அது சாதாரணம். அந்த இடைவெளியை "வந்து", "அதாவது", "ஆ" என்று நிரப்பத் தோன்றும்போது உதடுகளை மூடிக்கொள்ளுங்கள். வாய் மூடியிருந்தால் அந்தச் சொற்கள் வராது.

நம் விழாக்களில் "தலைவர் அவர்களே, பிரதம அதிதி அவர்களே" என்று தொடங்கும் விளிப்பு நீளமானது. பலரும் அதை ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறார்கள். அதை உங்களுக்கு உதவும்படி பயன்படுத்துங்கள். ஒவ்வொரு விளிப்புக்கும் அந்த அந்த ஆளைப் பாருங்கள், ஒலிபெருக்கியில் உங்கள் குரல் எப்படித் திரும்பி வருகிறது என்று கேளுங்கள், மூச்சைச் சீராக்குங்கள். விளிப்பு முடியும்போது நீங்கள் தயாராகியிருப்பீர்கள். ஆனால் ஐந்து ஆறுக்கு மேல் விளிக்க வேண்டாம்.

5. கண்

"கேட்பவரின் கண்ணைப் பார்" என்று சொல்வது எளிது. பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்துக் கதைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, முன்வரிசையில் அதிபரும் ஆசிரியர்களும் இருக்கும்போது அது எவ்வளவு சிரமம்! அந்தப் பிள்ளை சுவரையோ கூரையையோதான் பார்க்கும். அதைக் கண்டிக்காமல் ஒரு வழி காட்டுங்கள்: நெற்றியைப் பார், புருவ மத்தியைப் பார். சில அடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

பழகியவர்கள் ஒரு வாக்கியத்தை ஒருவருக்குச் சொல்லுங்கள், முழுசாக, கடைசிச் சொல் வரைக்கும். பிறகு அடுத்தவர். மண்டபத்தை நாலு மூலையாகப் பிரித்து, கடைசி வரிசையில் ஒருவரைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லும்போது குரல் தானாகவே அவரிருக்கும் தூரத்துக்கு ஏற்ப எழும். நாம் தெருவின் மறுபக்கம் நிற்பவரைக் கூப்பிடும்போது அளவு பார்த்தா கூப்பிடுகிறோம்? கடைசிச் சொல்லைச் சொல்லும் நேரத்தில் கண் தாளுக்குப் போய்விடுவதுதான் எல்லோரும் செய்வது. சொல்லை முடித்த பிறகு தாளைப் பாருங்கள்.

6. கை

இமயம் என்றால் கை மேலே, கடல் என்றால் கை அகல, இதயம் என்றால் கை நெஞ்சில். போட்டிக்காக இப்படிச் சொல்லுக்கொரு சைகை வைத்துப் பிள்ளைகளைப் பழக்குவதை நாம் நிறுத்த வேண்டும். கை சொல்லுக்கு ஒரு கணம் முன்னாலோ கூடவோ எழுவதுதான் இயல்பு. மனப்பாடம் செய்த சைகை சொல்லுக்குப் பின்னால் வந்து சேரும், பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் கையைச் சும்மா விட்டுப் பேசப் பழக்குங்கள். விஷயத்தை அந்தப் பிள்ளை உண்மையாகவே ஒருவருக்கு விளக்கத் தொடங்கினால் கை தானாக அசையும். அந்த அசைவில் தேவையில்லாததை மட்டும் குறையுங்கள்.

அசைவு இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் இருப்பது நல்லது. சபையை நோக்கி ஒற்றை விரலை நீட்ட வேண்டாம், நம்மவர்க்கு அது அதட்டலாகவே படும். உள்ளங்கையைத் திறந்து காட்டுங்கள். தாள் நடுங்கும் என்று பயமிருந்தால் மெல்லிய தாளுக்குப் பதில் தடித்த அட்டையில் குறிப்பெழுதுங்கள், அல்லது மேசையில் வைத்துவிடுங்கள். கையில் கைலேஞ்சி, பேனா, சாவி எதுவும் வேண்டாம்.

முகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்வதை நீங்கள் நம்பினால் முகம் அதைக் காட்டும். துக்கமான செய்தியைச் சொல்லும்போது பதற்றத்தில் சிரிப்பு வருகிறதா என்று மட்டும் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. இடம், காற்று, மைக்

நம்மூரில் மேடை பெரும்பாலும் திறந்தவெளி. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை. தகரக் கூரை மண்டபத்தில் மழை அடித்து ஊற்றும்போது அதற்கு மேலே கத்த வேண்டாம். நிறுத்துங்கள், குறையட்டும், விட்ட வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்று, வறண்டது, சூடானது. தொண்டை காயும். மேடையில் குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போகிறது. உடம்பில் ஊறித்தான் குரல்நாணுக்கு ஈரம் சேரும். ஆகவே பின்னேரப் பேச்சுக்குக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க வேண்டும். மேடையில் ஒரு போத்தல் வைத்திருப்பது வாய் காயாமல் இருக்க.

கடற்கரையோரம் பேசினால் காற்று மைக்கில் அடித்து "உஃப்" என்று இரையும். மைக்குக்குப் பஞ்சுறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிந்தால் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்படி மேசையைத் திருப்பச் சொல்லுங்கள்.

மைக்கிலிருந்து வாய் ஏழெட்டு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் "ப" ஒலி வெடிக்காது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் கீச்சொலி கிளம்பும். தட்டியும் ஊதியும் பார்க்க வேண்டாம். கூட்டம் சேருமுன் போய், ஒலிபெருக்கி அமைப்பவரோடு மரியாதையாக இரண்டு வார்த்தை பேசி, உங்கள் பேச்சின் ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பாருங்கள். அவர்தான் அன்றைக்கு உங்கள் குரல்.

மக்கெய்சர் மைதானம் போன்ற பெரிய வெளியில் இன்னொரு சிக்கல். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகிறது. நூறு மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து உங்கள் குரல் உங்களிடம் வரக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு செக்கன் ஆகும். அதைக் கேட்டுக்கொண்டே பேசினால் நாக்குத் தடுமாறும். அதைப் பொருட்படுத்தாமல் வாக்கியத்தை முடியுங்கள், எதிரொலி ஓயும்வரை நில்லுங்கள், பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். அங்கே வாக்கியங்கள் குறுகியிருப்பது கட்டாயம்.

8. பல மொழிச் சபை

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே கூட்டத்தில் இருப்பது வழக்கம். முஸ்லிம் பெரியவர்களை வரவேற்கும்போது வலக்கையை நெஞ்சில் வைப்பது போதுமான மரியாதை. எதிர்ப்பாலார் கை நீட்டாவிட்டால் நீங்களும் நீட்ட வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு வாக்கியமாகக் கொடுங்கள், அரை வாக்கியத்தில் நிறுத்த வேண்டாம். தமிழில் வினை வராமல் அவரால் சிங்களத்தில் எதையும் முடிக்க முடியாது. அவர் பேசும்போது நீங்கள் தாளைப் புரட்டாமல் சபையைப் பார்த்தபடி நில்லுங்கள். சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சொன்னது உங்களுக்கு முக்கியமானதா என்பதை அவர்கள் அங்கே படித்துக்கொள்வார்கள். எண்களையும் பெயர்களையும் முன்கூட்டியே எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

9. ஒரு வாரப் பயிற்சியும் அன்றைய நாளும்

முதல் இரண்டு நாள் மூச்சுப் பயிற்சியும் சாய்கோடு போடுவதும். மூன்றாம் நாள் சத்தமாகச் சொல்லிப் பதிவு செய்து, காதால் மட்டும் கேளுங்கள், கடைசிச் சொற்களைக் குறியுங்கள். நான்காம் நாள் வீடியோ எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுக் காலையும் கையையும் மட்டும் பாருங்கள். ஐந்தாம் நாள் ஒருவரை எதிரே இருத்திப் பேசுங்கள். ஆறாம் நாள் முடிந்தால் அந்த மண்டபத்துக்கே போய் நின்று பாருங்கள். ஏழாம் நாள் ஒரு தடவை மெல்லச் சொல்லிவிட்டுக் குரலுக்கு ஓய்வு கொடுங்கள்.

பேசும் நாளில் உதடுகளை மூடி "ம்ம்ம்" என்று மெல்ல முனகி, மூக்கிலும் கன்னத்திலும் அதிர்வு தெரிகிறதா பாருங்கள். குவளைத் தண்ணீரில் ஸ்ட்ரோவை வைத்து "ஊ" என்று ஊதுவதும் நல்லது, குரல் சிகிச்சையில் இதைப் பயன்படுத்துகிறார்கள். தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்ய வேண்டாம். செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

பேசி முடிந்ததும் "நன்றி, வணக்கம்" என்பதை நடந்துகொண்டே சொல்ல வேண்டாம். சொல்லி முடியுங்கள், நில்லுங்கள், பிறகு திரும்புங்கள். இரவு தொண்டை கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வாகாது, அதுவும் குரலுக்குச் சிரமம் கொடுக்கலாம். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கைமருந்தோடு நிற்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தினமும் வகுப்பில் பேசும் ஆசிரியர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.